30எக்ஸ் ஜூம் இருந்தும் பூநாரை புள்ளியாத்தான் விழுது: புலிகாட் ஏரிக்கு என்ன செட்டிங் வைக்கலாம்?

ஏரிக்கரை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆரம்பாக்கம் பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கிறேன். பழைய கேமரா ஒண்ணு வாங்கினேன், பானாசோனிக் லூமிக்ஸ் டிஇசட்80. சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெரிசு, ஹேண்ட்பேக்ல கச்சிதமா உட்காருது. 24-லிருந்து 720 மி.மீ. வரைக்கும் ஜூம் போகுதுன்னு பார்த்துத்தான் எடுத்தேன்.

போன ஞாயிறு தம்பி பைக்கில் சூலூர்பேட்டை போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் ஏரிக்கு நடுவுல நின்னோம். ஒன்பதரை மணி இருக்கும். ரோட்டுலேருந்து முந்நூறு நானூறு மீட்டர் தள்ளிப் பூநாரை வரிசை கட்டி நின்னுது. நாற்பது படம் எடுத்தேன். ஒண்ணுகூடத் தேறல. பறவை குட்டியா இருக்கு, பெரிசு பண்ணினா மாவு கரைச்ச மாதிரி ஆயிடுது. ஜூமை 60எக்ஸ் வரைக்கும் தள்ளிப் பார்த்தேன், இன்னும் மோசம். வெயில்ல ஸ்க்ரீனே தெரியல. ஜூம் பண்ணினதும் பறவை எங்க போச்சுன்னு தேடுறதுக்குள்ள கை வலிச்சிடுது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பூநாரையோட அலகு நடுவுல மடிஞ்சிருக்கும், அதைத் தலைகீழா தண்ணிக்குள்ள வெச்சு இரையை வடிகட்டித் தின்னும். எட்டாம் வகுப்புக்கு அந்த மடிப்பைக் காட்டணும். பிள்ளைங்க தினமும் பார்க்கிற பறவை, ஆனா இவ்வளவு கிட்டத்துல அதோட முகத்தை யாரும் பார்த்ததில்ல. இந்தக் கேமராவுல முடியுமா? முடியும்னா நான் எங்க தப்புப் பண்றேன்?

தடா தண்டவாளம் எழுதியது:

முடியும் டீச்சர். ஆனா நானூறு மீட்டர்ல முடியாது. ஏன்னு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

720-ல் நானூறு மீட்டர் தூரத்தைப் பார்த்தா, படத்துக்குள்ள அடங்குற இடம் சுமார் 19 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம். பூநாரை நிமிர்ந்து நின்னா ஒண்ணேகால், ஒண்ணரை மீட்டர்தான். படத்தோட உயரத்துல சுமார் பத்துல ஒரு பங்குதான் வரும். உங்க கேமரா படம் 4896க்கு 3672 புள்ளி (பிக்சல்). அப்படிப் பார்த்தா முழுப் பறவைக்கும் முந்நூத்திச் சொச்சம் புள்ளி, அலகுக்கு மட்டும் முப்பது புள்ளி. முப்பது புள்ளியில மடிப்பு எப்படித் தெரியும்?

அதே 720-ல் பறவை நூறு மீட்டருக்குள்ள வந்தா அலகுக்கு 120 புள்ளி கிடைக்கும். மடிப்பும் தெரியும், நுனிக் கருப்பும் தெரியும். அதனால முதல் வேலை, கிட்ட நிக்கிற பறவைக்காகக் காத்திருக்கணும். கேமரா செட்டிங் அதுக்கப்புறம்.

60எக்ஸ் சொன்னீங்களே, அது ஐ-ஜூம். லென்ஸ் 30எக்ஸ்ல நின்னுடும், மிச்சத்தைக் கேமராவே நடுப்பகுதியை வெட்டிப் பெரிசாக்கிக் கொடுக்குது. வீட்டுல கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம். மெனுவில் போய் ஐ-ஜூம், டிஜிட்டல் ஜூம் ரெண்டையும் அணைச்சுடுங்க.

ஸ்டூடியோ மாமா எழுதியது:

தம்பி சொன்ன கணக்கு சரி. நான் கையைப் பத்திச் சொல்றேன். முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டியில ஸ்டூடியோ நடத்தினவன், இப்போ ஓய்வுல பறவை பார்க்கிறேன். இந்தச் சின்ன லாங்-ஜூம் கேமராவுல பாதிப் பேர் தோத்துப் போறது ஸ்க்ரீனைப் பார்த்துக் கையை நீட்டி எடுக்கிறதாலதான்.

உங்க கேமராவோட பின்பக்கம், இடது மூலையில ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும் பாருங்க. அதுதான் வ்யூஃபைண்டர். கண்ணை வெச்சா தானாவே ஸ்க்ரீன் அணைஞ்சு அது எரியும். எரியலன்னா எல்விஎஃப்னு போட்ட பொத்தானை அமுத்துங்க. படம் தெளிவில்லாம இருந்தா பக்கத்துல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், டயாப்டர். உள்ளே தெரியற எழுத்து கூர்மையாகிற வரைக்கும் நகத்தால திருப்புங்க. நீங்க கண்ணாடி போடறவங்கன்னா, கழற்றிட்டு அந்தச் சக்கரத்தாலேயே சரி பண்ணிக்க முடியுதான்னு ஒரு தடவை பாருங்க.

அந்தச் சன்னல் வெயிலுக்கு மட்டும் இல்லீங்க. கேமரா நெத்தியிலயும் புருவத்துலயும் முட்டி நிக்கும், ரெண்டு முழங்கையும் விலாவுல ஒட்டும். கையை நீட்டிப் பிடிச்சா ரெண்டு பிடிமானம்தான், இப்படிப் பிடிச்சா மூணு. 720-ல் அந்த மூணாவது பிடிமானம் இல்லாம பறவை படத்துக்குள்ள நிக்கவே நிக்காது. உள்ளே ஆட்டம் தடுக்கிற ஏற்பாடு இருக்கு, ஆனா அது கை நடுக்கத்துக்குத்தான். நீங்க பறவையைத் தேடிக் கேமராவை அலைக்கழிச்சா அது என்ன பண்ணும்?

பறவையைத் தேடுறதுக்கு ஒரே வழி. ஜூமை முழுசாக் குறைச்சு 24-க்கு வாங்க. கூட்டத்தை நடுவுல வெச்சு, கூடவே ஒரு அடையாளம் பிடிங்க: ஊன்றின கழி, படகு, மண்திட்டு, எதாவது. அடையாளம் நடுவுல நிக்கும்போதே லீவரை மெதுவாத் தள்ளுங்க. ஷட்டரைச் சுத்தி இருக்கிற அந்த லீவரை முழுசாத் தள்ளினா ஜூம் வேகமா ஓடும், லேசாத் தள்ளினா மெல்லப் போகும். 200 வந்ததும் ஒரு நொடி நிறுத்தி நடுவுல வைங்க. அப்புறம் 400. அப்புறம் 720. பறவை தொலைஞ்சா 720-லேயே சுத்தாதீங்க, திரும்ப 200-க்கு வாங்க.

லென்ஸைச் சுத்தி ஒரு வளையம் திரும்புது இல்லையா? மெனுவில் அதுக்கு ஜூம் வேலையைக் கொடுத்தா 24, 28, 35, 50ன்னு படிப்படியா நிக்கும். இடது கையால திருப்பலாம், வலது கை ஷட்டரை விட்டு நகரவே வேண்டாம்.

வால்பாறை மழை எழுதியது:

மாமா சொன்ன "200-க்குத் திரும்பு" வேலையை என் கேமராவுல ஒரு பொத்தானே செய்யுது. கேனான் எஸ்எக்ஸ்740, 40எக்ஸ், 24-960. அந்தப் பொத்தானை அமுத்திப் பிடிச்சா ஜூம் கொஞ்சம் பின்வாங்கும், முன்னாடி இருந்த இடம் ஒரு சதுரமாத் தெரியும். பறவையைச் சதுரத்துக்குள்ள கொண்டு வந்து கையை எடுத்தா பழைய ஜூமுக்கே போயிடும். மளுக்கப்பாறை ரோட்டில் மரத்துக்கு மரம் தாவுற சிங்கவால் குரங்கை இப்படித்தான் எடுக்கிறேன். ஆனா இதுல வ்யூஃபைண்டர் கிடையாது, ரா (கேமரா சுருக்காத மூலப் படம்) எடுக்கவும் முடியாது. எங்க ஊர் நிழல்ல பரவாயில்ல, உங்க ஏரி வெயில்ல நான் இதைச் சொல்ல மாட்டேன். டீச்சர் கையில இருக்கிறதே அந்த இடத்துக்குப் பொருத்தம்.

நெல்லூர் ரோடு எழுதியது:

மன்னிக்கணும், நான் வேற மாதிரி நினைக்கிறேன். பறவைதான் முக்கியம்னா நிகான் பி900 மாதிரி ஒண்ணு எடுத்துடலாமே? 83எக்ஸ், 2000 மி.மீ. வரைக்கும். இல்லன்னா சென்சார் பெரிசா இருக்கிற டிஇசட்200. ஒரு இஞ்ச் சென்சார், பரப்பு நாலு மடங்கு. படம் எவ்வளவு சுத்தமா வரும்!

தடா தண்டவாளம் எழுதியது:

பி900 நல்ல கேமராதான் அண்ணா, தூரத்துக்கு ரொம்பப் பொருத்தம். ஆனா கிட்டத்தட்ட 900 கிராம். டீச்சர் கேட்டது ஸ்கூல் பையில போற கேமரா.

டிஇசட்200 விஷயத்துல பலரும் ஏமாந்து போற ஒரு இடம் இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். 720ங்கிறது ஃபுல்-ஃப்ரேம் கேமராவுக்குச் சமமாப் போட்ட கணக்கு. லென்ஸோட நிஜ எண் வேற, லென்ஸ் முன்னாடி வளையத்துல அச்சடிச்சிருக்கிறதைப் பாருங்க. டிஇசட்80-க்கு 4.3-129 மி.மீ. டிஇசட்200-க்கு 8.8-132 மி.மீ. கடைசி முனையில ரெண்டும் ஏறக்குறைய ஒரே லென்ஸ்! வெளிச்சம் நுழையற லென்ஸ் திறப்பும் ரெண்டுக்கும் எஃப் 6.4. அதாவது ஒரே இடத்துல நின்னு ஒரே பூநாரையை எடுத்தா, ரெண்டு சென்சார் மேலயும் பறவை ஒரே அளவுலதான் விழும், ஒரே வெளிச்சம்தான் விழும். பெரிய சென்சார்ல பறவையைச் சுத்தி இன்னும் கொஞ்சம் ஏரி விழுது, அவ்வளவுதான். அதை வெட்டி எறிஞ்சா மிச்சம் இருக்கிறது 5 மெகாபிக்சல்.

கல்யாண மண்டபம், வகுப்பறை, சாயங்கால வெளிச்சம், இதுக்கெல்லாம் பெரிய சென்சார்தான், சந்தேகமே இல்ல. எட்டாத பறவைக்கு அது உதவாது.

நெல்லூர் ரோடு எழுதியது:

இந்தக் கோணத்துல நான் யோசிச்சதே இல்ல தம்பி. என் கேமராவை எடுத்துப் பார்த்தேன், வளையத்துல 8.8-132ன்னுதான் போட்டிருக்கு. பெரிய சென்சார் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஏரிக்கரை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து மொட்டை மாடியில நின்னு எதிர்த்தெரு டேங்க் மேல உட்கார்ந்த காக்காவை வ்யூஃபைண்டர்ல தேடிப் பழகினேன். 24, 200, 400, 720. பத்துத் தடவையில ஏழு தடவை கிடைச்சுது. இப்போ செட்டிங் சொல்லுங்க. நான் எப்பவும் ஐஏ-லயே, அதான் எல்லாத்தையும் கேமராவே பார்த்துக்கிற மோடுலயே, வெச்சுட்டு அமுத்துறேன். ஷட்டர், ஐஎஸ்ஓ எதையும் தொட்டதில்ல.

ஸ்டூடியோ மாமா எழுதியது:

மேல இருக்கிற சக்கரத்தை எஸ்-க்குத் திருப்புங்க. ஷட்டர் வேகம் உங்க கையில, மத்ததைக் கேமரா பார்த்துக்கும். பழைய கணக்கு ஒண்ணு உண்டு: ஜூம் எத்தனை மி.மீ.யோ, ஷட்டர் வேகம் குறைஞ்சது ஒரு நொடியை அத்தனையாப் பிரிச்சதுல ஒரு பங்கு. 720-க்கு 1/800. ஆட்டம் தடுக்கிற ஏற்பாடு இருக்கிறதால நிக்கிற பறவைக்கு 1/500 போதும். மேயற பறவை தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும், அதுக்கு 1/1000. பறக்கிறதுக்கும் அதுக்குக் குறையக் கூடாது.

வெளிச்சம் போதுமான்னு பயப்படாதீங்க. நல்ல வெயில்ல எஃப் 6.4-க்கு ஐஎஸ்ஓ, அதான் சென்சாரோட வெளிச்ச உணர்வு, 200 வெச்சாலே 1/1250 வரும். காலையில சூரியன் தாழ்வா இருக்கும்போது 400, 800 வரைக்கும் ஏறும். 800-க்கு மேல இந்தச் சின்ன சென்சார் தாங்காது, இறகோட இழை எல்லாம் பஞ்சாயிடும். ஐஎஸ்ஓ உச்ச வரம்பை மெனுவில் 800-ல் கட்டிப் போடுங்க.

ஃபோகஸுக்கு 1-ஏரியா, ஒரே ஒரு சதுரம். முகம் தேடுறது, 49 புள்ளி எல்லாம் வேண்டாம். முன்னாடி இருக்கிற கோரைப்புல்லைப் பிடிச்சுட்டுப் போயிடும். சதுரத்தைச் சின்னதாக்கிப் பறவையோட கழுத்து உடம்புல சேர்ற இடத்துல வைங்க. ஷட்டரைப் பாதி அமுத்திப் பச்சை வந்ததும் மூச்சை விட்டு மிச்சத்தை அமுத்துங்க. வெள்ளைப் பறவை, அதனால எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) -2/3 வைங்க.

வால்பாறை மழை எழுதியது:

மாமா, கடைசி வரியில மட்டும் நான் மாறுபடறேன். கருத்த சேத்துல நிக்கிற வெள்ளைப் பறவைக்கு -2/3 சரி. ஏன்னா இருட்டைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், பறவை வெளுத்துப் போகும். ஆனா மின்னுற தண்ணியில நிக்கிற பறவைக்குத் தலைகீழ். தண்ணி வெளிச்சத்தைப் பார்த்து கேமராவே குறைச்சுடும், பறவை சாம்பலா விழும். அங்க மைனஸ் வெச்சா இன்னும் கெடும். பூஜ்யம், தேவைப்பட்டா +1/3.

ஸ்டூடியோ மாமா எழுதியது:

சரியாத்தான் சொல்றே. நான் சேத்துக் கொக்கை மனசுல வெச்சுச் சொல்லிட்டேன். டீச்சர், ஹைலைட்னு ஒரு செட்டிங் இருக்கு, போட்டு வைங்க. எடுத்த படத்துல வெளுத்துப் போன இடம் கருப்பும் வெள்ளையுமா மின்னும். பறவை முதுகு மின்னினா ஒரு படி குறைங்க, மின்னலன்னா விட்டுடுங்க.

உப்புக்காத்து எழுதியது:

பழவேற்காடு ஆள் நான். செட்டிங் நீங்க எல்லாம் சொல்லியாச்சு. ஏரியைப் பத்தி நான் சொல்றேன், அக்கா.

ஒன்பதரைக்குப் போனீங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அந்நேரத்துக்குக் கானல் எழும்பிடும். சேறும் ஆழமில்லாத தண்ணியும் சூடாகி, மேல காத்து நெளிய ஆரம்பிக்கும். நானூறு மீட்டர் நெளியற காத்து வழியா எந்த லென்ஸ் பார்த்தாலும் பறவை நெளிஞ்சுதான் விழும். மாவு கரைச்ச மாதிரின்னு நீங்க சொன்னதுல பாதி இந்தக் கானல்தான். விடியும்போதே அங்க இருக்கணும். எட்டே முக்காலுக்கு மேல தூரத்துப் பறவையை எடுக்காதீங்க, சும்மா நின்னு பாருங்க.

ரெண்டாவது, எந்தப் பக்கம் பார்க்கிறதுன்னு. அந்த ரோடு மேற்குலேருந்து கிழக்கே போகுது, ஏரி ரெண்டு பக்கமும் இருக்கு. மார்கழி தையில சூரியன் தென்கிழக்குலதான் ஏறும். அதனால வடக்குப் பக்கம் நிக்கிற பறவை மேல வெளிச்சம் நேரா விழும். தெற்குப் பக்கம் பார்த்தா நிழல் உருவம்தான். அட்டகானிதிப்பா தாண்டி ஓடை மாதிரி தண்ணி ரோட்டுக்குக் கீழே போற இடங்கள்ல நில்லுங்க. அங்க கிட்ட வந்து மேயும், வண்டிச் சத்தம் அதுக்குப் பழக்கம். ஆள் கரையில இறங்கினாத்தான் நகரும். ரோட்டு ஓரத்துலயே, பைக்குக்குப் பின்னாடி உட்காருங்க.

எங்க பக்கம் படகுல கூட்டிட்டுப் போறேன்னு சொல்வாங்க. போங்க, ஏரி பார்க்க அதைவிட அழகில்ல. ஆனா கூட்டத்தை நோக்கி மோட்டாரை விரட்டச் சொல்லி எழுப்பிவிட்டுப் படம் எடுக்கிறவங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரியுது. அது மேயறதுக்கு வந்த பறவை. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதோட தீனி போகுது.

மூணாவது, மணல். இந்தக் கேமரா எல்லாம் லென்ஸ் மூணு அடுக்கா வெளியே நீளும், அணைச்சா உள்ளே போகும். அந்த அடுக்குக்கு நடுவுல மணல் போச்சுன்னா கதை முடிஞ்சுது. எனக்கு அப்படித்தான் ஆச்சு. முகத்துவாரத்துப் பக்கம் காத்தடிச்ச நாள், லென்ஸ் நீட்டினபடியே மடியில வெச்சுட்டு டீ குடிச்சேன். அணைக்கும்போது கறக்குன்னு ஒரு சத்தம், பாதியிலேயே நின்னுடுச்சு. சரிபண்ணக் கேட்ட காசுக்குப் பழைய கேமரா இன்னொண்ணு வாங்கலாம். இப்பல்லாம் எடுக்காத நேரம் அணைச்சு, ஜிப் போட்ட ப்ளாஸ்டிக் கவருக்குள்ள. வீட்டுக்கு வந்ததும் லென்ஸை நீட்டி, கீழ்ப்பார்த்துப் பிடிச்சு, ரப்பர் பல்ப் வெச்சு ஊதுவேன். வாயால ஊத மாட்டேன், எச்சில் ஈரத்துல உப்பு ஒட்டிக்கும். அப்புறம் உலர்ந்த மெல்லிய துணியால அடுக்கை மட்டும் துடைப்பேன்.

தடா தண்டவாளம் எழுதியது:

டீச்சர், கடைசியா ஒண்ணு. அலகைத் தண்ணியிலேருந்து தூக்குற நொடி வேணும்னா 4கே ஃபோட்டோவில் ப்ரீ-பர்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு. நீங்க ஷட்டரை அமுத்தின நொடிக்கு முந்தின ஒரு நொடியும் பிந்தின ஒரு நொடியும் சேர்த்து அறுபது படம் எடுத்து வைக்கும். நம்ம விரல் எப்பவும் தாமதம்தான், இது அந்தத் தாமதத்தை ஈடுகட்டுது. ஒவ்வொரு படமும் 8 மெகாபிக்சல்தான். கோணம் இன்னும் குறுகிடும், பறவையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டம். பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால பறவை நடுவுல நின்னப்புறம் மட்டும் போடுங்க. ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வாங்கிடுங்க.

ஏரிக்கரை டீச்சர் எழுதியது:

போய்ட்டு வந்தேன்!

ஆறே முக்காலுக்கு அங்க இருந்தோம். முதல் கால் மணி நேரம் பனி, ஒண்ணும் தெரியல. அப்புறம் வெளிச்சம் வந்ததும் வடக்குப் பக்கம், உப்புக்காத்து சொன்ன மாதிரியே ஓடைத் தண்ணிகிட்ட, பதினொரு பூநாரை. தூரம் நூறு மீட்டருக்குக் குறைவுதான். பைக்குக்குப் பின்னாடி உட்கார்ந்து, சீட்டு மேல அரிசி நிரப்பின துணிப்பை ஒண்ணு வெச்சு, அதுல கேமராவை அழுத்தி வெச்சேன். எஸ் மோடு, 1/1000, ஐஎஸ்ஓ 640 காட்டுச்சு. எக்ஸ்போஷர் பூஜ்யத்துல விட்டேன், முதுகு மின்னல.

முதல் இருபது படத்துல தலை தண்ணிக்குள்ள. வெறும் கழுத்து. அப்புறம் ப்ரீ-பர்ஸ்ட் போட்டேன். ஒண்ணு தலையைத் தூக்குச்சு, நான் அமுத்தறதுக்குள்ள திரும்பக் குனிஞ்சிடுச்சு. போச்சுன்னு நினைச்சுத்தான் பார்த்தேன். அமுத்தறதுக்கு முந்தின நொடியில இருந்துச்சு! அலகோட மேல்பாதி இளஞ்சிவப்பு, நடுவுல மடிஞ்சு, நுனி கருப்பு. கீழ் அலகு ஓரத்துலேருந்து தண்ணி ரெண்டு இழையா ஒழுகுது. கண்ணு மஞ்சளாத் தெரியுது. இதே ஏரிக்கரையில வளர்ந்தவ நான், அந்தக் கண்ணை இப்பத்தான் பார்க்கிறேன். தம்பிகிட்ட காட்டினேன், அவனும் பேசல.

இன்னைக்கு வகுப்புல ப்ரொஜெக்டர்ல போட்டேன். கடைசி பெஞ்சுல ஒரு பையன், அப்பா வலை போடறவர், எழுந்து நின்னு "டீச்சர், இது எங்க அரிப்பு மாதிரியே இருக்கு, தண்ணி போகுது, இறால் நிக்குது"ன்னான். நான் எழுதி வெச்சிருந்த விளக்கத்தை அப்படியே மூடி வெச்சுட்டேன்.

அடுத்த ஞாயிறு நேலப்பட்டு போறோம். கூழைக்கடா அங்க தண்ணிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரத்துல கூடு கட்டுமாம். இலைக்குள்ள இருக்கிற பறவைக்கு ஃபோகஸ் எப்படி?

ஸ்டூடியோ மாமா எழுதியது:

அந்தப் படத்தைப் பெரிசாப் போட்டு வகுப்புல மாட்டுங்க டீச்சர்.

இலை நடுவுல ஆட்டோஃபோகஸ் தடுமாறும். 1-ஏரியா சதுரத்தை இருக்கிறதிலேயே சின்னதாக்குங்க. அப்பவும் இலையையே பிடிச்சா, பறவை இருக்கிற அதே தூரத்துல மரத்தோட தண்டு தெரியுதான்னு பாருங்க. தண்டுல பாதி அமுத்திப் பிடிச்சபடியே கேமராவைக் கூட்டுக்கு நகர்த்துங்க. அதுவும் ஆகலன்னா மேனுவல் ஃபோகஸ்தான். லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது கூர்மையாகிற விளிம்புல நிறம் ஓடும், அலகோட விளிம்புல நிறம் வந்ததும் நிறுத்துங்க. கூடு நகராது, ஒரு தடவை சரி பண்ணினா காலை முழுக்கப் போதும். கூடு இருக்கிற இடம், அதனால ஃப்ளாஷை அணைச்சு, ஷட்டர் சத்தத்தையும் மெனுவில் நிறுத்திட்டுப் போங்க.

உப்புக்காத்து எழுதியது:

அக்கா, நேலப்பட்டுல மரம் உயரம், தண்ணிக்கு நடுவுல. அரிசிப் பையை மறக்காதீங்க. நான் ஏழு மணிக்கு அங்க இருப்பேன்.